ஒரே பெயர், வேறு ஆள்: குழப்பமில்லாமல் குறிப்பெடுப்பது எப்படி?

பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் வினாடி வினாவுக்குத் தயாராகும்போது "ராமச்சந்திரன்" என்று மட்டும் எழுதி வைத்துவிடுகிறார்கள். எந்த ராமச்சந்திரன்? ஒருவர் வாழ்நாளெல்லாம் உழைத்துச் சாதித்தது இன்னொருவர் கணக்கில் ஏறுவது அநியாயம். ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் அதைத் தடுக்கலாம்.

படி 1: இனிஷியலை விரித்து எழுதுங்கள்

எம்.ஜி. என்றால் மருதூர் கோபாலன். ஜி.என். என்றால் கோபாலசமுத்திரம் நாராயணன். வி.எஸ். என்றால் விளையனூர் சுப்பிரமணியன். முதலாமவர் நடிகர், தமிழக முதல்வராக இருந்தவர். இரண்டாமவர் கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரி அமைப்பைச் சொன்ன அறிவியலாளர். புரதங்களின் வடிவத்தை ஆராய உதவும், 1963இல் வெளியான 'ராமச்சந்திரன் வரைபடம்' இவர் பெயரால் வழங்குவது. மூன்றாமவர் மூளை நரம்பியல் ஆய்வாளர். கை இழந்தவர்கள் இல்லாத கையில் உணரும் வலியைக் கண்ணாடியைக் கொண்டு தணிக்க வழி கண்டவர்.

பழைய தமிழ் வழக்கில் பெரும்பாலும் முதல் எழுத்து ஊர், அடுத்தது தந்தை. கேரளத்தில் அது வீட்டுப் பெயராகவும் இருக்கும். கேரளத்தின் முதல் முதலமைச்சர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிப்பாட்டின் முதல் இரண்டு எழுத்துகளும் ஏலங்குளம் மனையைக் குறிப்பவை. நம் பகுதியில் இரண்டு வழக்கமும் கலந்து கிடப்பதால், ஒவ்வோர் எழுத்தின் அருகிலும் ஊரா, வீடா, தந்தையா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: பூர்வீகத்துக்கும் பிறப்புக்கும் தனித்தனிக் கட்டம்

இதை யாரும் தவிர்க்க வேண்டாம். ஜி.என். ராமச்சந்திரனின் கோபாலசமுத்திரம் திருநெல்வேலிச் சீமையில் இருக்கிறது. அவர் பிறந்ததோ எர்ணாகுளத்தில், 1922இல். எம்.ஜி.ஆரின் குடும்பம் பாலக்காட்டைச் சேர்ந்தது. அவர் பிறந்தது 1917இல், இலங்கையின் நாவலப்பிட்டியில். விளையனூர் நம் பாலக்காடு மாவட்டத்து ஊர் என்பதால் வி.எஸ். ராமச்சந்திரன் இங்கே பிறந்தார் என்று எழுதிவிடாதீர்கள். அவர் பிறந்தது தமிழ்நாட்டில்.

படி 3: துறையை நுணுக்கமாக எழுதுங்கள்

"மணி ஐயர், கர்நாடக சங்கீதம், பிறப்பு 1912" என்ற குறிப்பு இருவருக்குப் பொருந்தும். மதுரை மணி ஐயர் பாடகர். 1959இல் சங்கீத கலாநிதி விருது, மறைவு 1968. பாலக்காடு மணி ஐயர் மிருதங்க வித்வான். 1966இல் சங்கீத கலாநிதி, மறைவு 1981. இருவரும் ஒரே மேடையில் கச்சேரி செய்தவர்கள் வேறு. ஆகவே வாய்ப்பாட்டா, மிருதங்கமா என்பதையும் மறைந்த ஆண்டையும் கட்டாயம் சேருங்கள்.

பாலக்காடு மணி ஐயரின் வாழ்க்கையிலேயே இரண்டு வைத்தியநாதர்கள் வருகிறார்கள்: குருவான தஞ்சாவூர் வைத்தியநாத ஐயர், மணி ஐயர் மிருதங்கம் வாசித்த கச்சேரிகளின் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர். ஊர்ப் பெயரை உதறிவிட்டால் குருவே பாடகராகிவிடுவார்.

படி 4: ஊரின் பெயரையும் சோதியுங்கள்

சித்தூர் பாலக்காடு மாவட்டத்திலும் உண்டு, ஆந்திரத்திலும் உண்டு. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்த திருத்தணி 1960 வரை ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எனவே 1950களில் வந்த நூல் "சித்தூர் மாவட்டத்துத் திருத்தணி" என்றால் அது பிழையல்ல. அடித்துவிடாமல், பக்கத்தில் "இன்று தமிழ்நாடு" என்று எழுதிக்கொள்ளுங்கள்.