கார் செட்டு பாடவில்லையா? புது ஆம்ப் வாங்கும் முன் இந்தத் தவறுகளைப் பாருங்கள்

காரில் புதிதாகப் போட்ட செட்டு பாடவில்லை என்றாலும் சரி, நன்றாகப் பாடிக்கொண்டிருந்தது பாதியில் அடங்கிப்போனாலும் சரி, முதல் பழி பாட்டைப் பெருக்கித் தரும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) பெட்டி மேல்தான் விழும். "ஆம்ப் போயிருச்சு அண்ணாச்சி, வேற போட்டுருவோம்" என்பார்கள். நாமும் தலையாட்டுவோம். புது ஆம்ப் வந்து அதே ஒயரில், அதே எர்த்தில் உட்காரும். கொஞ்ச நாளில் அதுவும் அடங்கும். ஆம்பும் ஸ்டீரியோவும் தானாகக் கெடுவது குறைவு. கோளாறு பெரும்பாலும் அவற்றுக்கு வெளியே, தரையில் விரித்த மேட்டுக்கு அடியிலும் டேஷ்போர்டுக்குப் பின்னாலும் டேப் சுற்றிய ஜாயிண்டுகளில் இருக்கிறது. அதனால் அளந்து பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

அளக்க ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். டெஸ்ட் லாம்பு வேண்டாம். பழைய அம்பாசிடருக்கு அது சரி. இன்றைய வண்டிகளில் மஞ்சள் கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகி), மஞ்சள் உறை போட்ட ஒயர் என்றால் பெரும்பாலும் ஏர்பேக்குடையது. அங்கே லாம்பையோ மீட்டரையோ வைத்துக் குத்தவே கூடாது. டேஷ்போர்டைக் கழற்றுவதற்கு முன்னால் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுத்து வேலையைத் தொடங்குங்கள்.

ஆம்பில் உயிரே இல்லையென்றால் பார்க்க வேண்டியது மூன்று முனைகள்தான்: பவர், எர்த், ரிமோட் (ஸ்டீரியோவைப் போட்டதும் ஆம்பை எழுப்பிவிடும் ஒயர்). மீட்டரின் கறுப்பு முனையை ஆம்பின் எர்த்தில் வைத்து, சிவப்பை மற்ற இரண்டிலும் மாற்றி மாற்றி வையுங்கள். என்ஜின் அணைந்திருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வரை இருக்கும். பவரில் 12 வந்து ரிமோட்டில் பூஜ்யம் என்றால் ஆம்ப் மேல் குற்றமில்லை, அதை எழுப்பிவிட ஆளில்லை, அவ்வளவுதான். ஸ்டீரியோவின் பின்னால் நீலமும் வெள்ளையும் கலந்த ஒயர்தான் ஆம்பின் ரிமோட். வெறும் நீலம் ஆன்டெனாவுக்கு. அவசரத்தில் நீலத்தை ஆம்புக்குக் கொடுத்துவிட்டால் சில ஸ்டீரியோக்களில் ஒரு வேடிக்கை நடக்கும். எஃப்எம் போட்டால் ஊஃபர் (அடிச்சத்தம் தரும் பெரிய ஸ்பீக்கர்) அதிரும், புளூடூத்துக்கு மாற்றினால் அடங்கிவிடும். ரேடியோ ஓடும்போது மட்டும் அந்த ஒயரில் கரண்ட் வருவதால்தான் இப்படி. இது தெரியாமல் போனைக் குறை சொல்லி, போனையே மாற்றியவர்களும் உண்டு.

இனி எர்த். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். செட்டு வேலையில் பாதிக் கோளாறு இங்கேதான்.

டிக்கியைத் திறந்து, மேட்டைத் தூக்கி, ஆம்பின் கறுப்பு ஒயர் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். பல வண்டிகளில் ஏற்கெனவே இருந்த ஏதோ ஒரு ஸ்க்ரூவை லேசாகத் தளர்த்தி, ஒயர் இழைகளை அப்படியே சுற்றி, திரும்ப முடுக்கியிருப்பார்கள். ரிங் டெர்மினல் கிடையாது. ஸ்க்ரூவுக்கு அடியில் கம்பெனி பெயிண்ட் பளபளவென்று இருக்கும். பெயிண்ட் கரண்டைக் கடத்தாது. ஸ்க்ரூவின் மரை மட்டும் ஏதோ ஓர் ஓரத்தில் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், மொத்தக் கரண்டும் அந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும். ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுத்திருந்தாலோ ஒயரின் பிளாஸ்டிக் உருகியிருந்தாலோ அந்த இடம் சூடாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதைச் சோதிக்கும்போது பலர் செய்யும் தவறு, மீட்டரை 'பீப்' நிலையில் வைத்து, சத்தம் வந்ததும் எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது. ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் பீப் வரும். 500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் சக்தி) கொடுக்கிற கிளாஸ் டி வகை ஆம்ப் முழுச் சத்தத்தில் சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். எர்த் முனையில் வெறும் 0.05 ஓம் தடை இருந்தாலே இரண்டு வோல்ட்டுக்கு மேல் அங்கேயே தின்றுவிடும். சாதாரண மீட்டரால் அந்தச் சின்னத் தடையை ஓமில் சரியாகக் காட்ட முடியாது. ஆனால் வோல்ட்டில் காட்டும். வண்டியை ஸ்டார்ட் செய்து, அடி பலமாக உள்ள ஒரு பாட்டை நல்ல சத்தத்தில் வையுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை ஆம்பின் எர்த்திலும் பிடியுங்கள். முனை எட்டாவிட்டால் நீளமான ஒயர் ஒன்றை இடையில் சேர்த்துக்கொள்ளலாம். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் விட்டுவிடலாம். ஒவ்வொரு அடிக்கும் ஒன்று, ஒன்றரை என்று எகிறினால் கோளாறு பிடிபட்டுவிட்டது. இதே சோதனையை பேட்டரி பிளஸுக்கும் ஆம்ப் பவருக்கும் இடையில் ஒருமுறை செய்தால் பவர் ஒயரின் லட்சணமும் தெரிந்துவிடும்.

சரிசெய்வது பெரிய வேலையில்லை. கெட்டியான பாடித் தகரத்தில் பெயிண்டைச் சுரண்டி வெள்ளையாக்கி, ரிங் டெர்மினலைக் கிரிம்ப் செய்து, போல்ட்டும் பல் வாஷரும் போட்டு இறுக்கி, மேலே கிரீஸோ பெயிண்டோ பூசினால் போதும். எர்த் ஒயர் ஒன்றரை அடிக்குள் இருக்கட்டும், பவர் ஒயர் எவ்வளவு கனமோ அதே கனத்தில். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் கை வைக்காதீர்கள், அது உயிரைக் காப்பாற்ற வைத்தது. உவரி, இடிந்தகரை, கூத்தன்குழி போன்ற கடற்கரை ஊர்களில் நிற்கிற வண்டி என்றால் உப்புக் காற்றில் எர்த் முனை சீக்கிரம் பூத்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவது நல்லது.

ஒயர் வாங்கும்போது ஒரு சின்னச் சோதனை. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பும் உள்ளே வெள்ளையும் என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே கனத்தில் அசல் செம்பைவிடக் குறைவாகத்தான் கரண்டைத் தாங்கும். மேலே வெள்ளை, உள்ளே செம்பு என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு, கடற்கரைக்காரர்கள் தேடி வாங்க வேண்டியது அதைத்தான்.

ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க 'கீ...' என்று கூடவே ஏறுகிற சத்தம் ஆல்டர்னேட்டருடையது. நாங்குநேரி டோல் தாண்டி நாலுவழிச் சாலையில் வேகம் பிடிக்கும்போது பாட்டை மீறி அது ஒரு சங்கதி போடும். கடைக்குப் போனால் உடனே ஒரு ஃபில்டரை நீட்டுவார்கள். வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை, கடைசியில் வாங்குங்கள். முதலில் செட்டை அணைத்துவிட்டு, ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிளை ஆம்பிலிருந்து பிடுங்கி, மறுபடி போட்டுப் பாருங்கள். சத்தம் நின்றால் கோளாறு கேபிளிலோ ஸ்டீரியோ பக்கமோ இருக்கிறது. நிற்காவிட்டால் ஆம்பின் பவர், எர்த் பக்கம். பவர் ஒயரையும் ஆர்சிஏவையும் ஒரே பக்கமாகக் கட்டி இழுத்திருந்தால் ஒன்றை வலது பக்கமும் மற்றதை இடது பக்கமும் மாற்றுங்கள். ஸ்டீரியோவின் ஆர்சிஏ வெளி வளையத்துக்கும் வண்டி பாடிக்கும் இடையே ஓம் அளந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் ஸ்டீரியோவுக்குள் இருக்கும் பொடி ஃபியூஸ் போயிருக்கலாம். செட்டு ஓடும்போதே ஆர்சிஏவைப் பிடுங்கி மாட்டுகிறவர்களுக்குக் கிடைக்கும் பரிசு அது.

அடுத்தது நம்ம திருநெல்வேலிப் பக்கம் அதிகம் பார்ப்பது. சென்னையிலோ வளைகுடாவிலோ வேலை, வண்டி திசையன்விளையிலோ வள்ளியூரிலோ வீட்டு வாசலில் நிற்கும். ஊர்க் கோயில் கொடைக்கு வந்து சாவியைப் போட்டால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. பேட்டரி காலி. ஸ்டீரியோவில் மஞ்சள் ஒயர் எப்போதும் கரண்ட் இருக்கும் முனைக்கு, சிவப்பு சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் முனைக்கு. சாவி முனையைத் தேடச் சோம்பல்பட்டு இரண்டையும் முறுக்கி ஒன்றாகச் சேர்த்துவிட்டால் செட்டு தூங்கவே தூங்காது. அரை ஆம்பியர் இழுத்தாலும் 35 ஆம்பியர் அவர் பேட்டரி மூன்றே நாளில் வற்றிவிடும், ஸ்டார்ட் ஆகாத நிலை அதற்கு முன்பே வரும். இரண்டையும் மாற்றிக் கொடுத்திருந்தால் வேறு அடையாளம்: ஒவ்வொரு முறை சாவியை எடுத்ததும் கடிகாரமும் செட்டிங்கும் அழிந்துபோகும். சந்தேகம் இருந்தால் மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து பேட்டரி மைனஸுக்கும் அதன் கேபிளுக்கும் இடையில் சேருங்கள். வண்டியைப் பூட்டிச் சிறிது நேரம் கழித்து 50 மில்லி ஆம்பியருக்குள் இறங்க வேண்டும். மீட்டர் இடையில் இருக்கும்போது ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

ஸ்பீக்கர் பக்கம் இரண்டு தவறுகள் அடிக்கடி வரும். ஸ்பீக்கரின் மைனஸை பாடியில் எர்த் அடிப்பது முதல் தவறு. மிகப் பழைய செட்டுகளில் அது நடந்தது. இப்போதைய ஸ்டீரியோக்களில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலும் சிக்னல் ஓடுகிறது, பாடியில் பட்டால் செட்டு புரொடெக்ட்டுக்குப் போகும் (தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அடங்கிவிடும்), இல்லாவிட்டால் உள்ளே ஐசி எரியும். இரண்டாவது, ஒரு கதவில் பிளஸ் மைனஸ் மாறிப்போவது. எல்லா ஸ்பீக்கரும் பாடும், ஆனால் அடி இருக்காது. ஊஃபர் சரியில்லை என்று பெரிய ஊஃபர் வாங்கப் போவதற்கு முன், ஸ்டீரியோ பக்கம் ஒயரைக் கழற்றிவிட்டு, அதில் 1.5 வோல்ட் செல் ஒன்றை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பிளஸில் பிளஸ் பட்டால் கோன் வெளியே தள்ள வேண்டும். உள்ளே போனால் ஒயர் மாறியிருக்கிறது.

கெயின் திருகு சத்தத்தைக் கூட்டுவதற்கு வைத்ததல்ல, ஸ்டீரியோ கொடுக்கும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்துவதற்கு. கொடைக்குக் கட்டும் ரேடியோ செட்டின் சத்தத்தைக் காருக்குள் கேட்க ஆசைப்பட்டு அதைக் கடைசி வரை திருகினால் முதலில் ட்வீட்டர் (கீச்சுச் சத்தம் தரும் சின்ன ஸ்பீக்கர்) எரியும், அப்புறம் ஊஃபரிலிருந்து காயில் (உள்ளே சுற்றிய கம்பி) கருகிய வாடை வரும். குறைந்தபட்சம் 4 ஓம் என்று எழுதிய ஆம்பை பிரிட்ஜ் செய்து (இரண்டு சேனலை ஒன்றாகச் சேர்த்து) 2 ஓம் ஊஃபரை மாட்டுவதும் இதே வகைதான். சித்திரை வெயிலில் நின்ற வண்டியில், மேட்டைப் போர்த்திய ஆம்ப் அரைமணியில் சூடாகி அணைவதை மட்டும் கோளாறு என்று எண்ணாதீர்கள். காற்றுப்பட வையுங்கள், போதும்.

கதவைத் திறந்து ஸ்பீக்கர் மாற்றும்போது டோர் பேடுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் தண்ணீரைக் கேபினுக்குள் விடாமல் தடுப்பதே அந்தத் தாள்தான். குற்றாலத்தில் சீசன் தொடங்கி சாரலில் ஒரு நாள் வண்டி நின்றால் தெரிந்துவிடும்: கால்மிதி ஈரம், ஸ்பீக்கர் மேக்னட்டில் துரு.

கடைசியாக ஃபியூஸ். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இல்லாத பவர் ஒயர் ஓடும் வண்டியை நான் ஓட்ட மாட்டேன். ஆம்புக்குள் ஃபியூஸ் இருக்கிறதே என்பார்கள். அது ஆம்பைக் காக்கும். பேட்டரியிலிருந்து டிக்கி வரை போகிற ஒயர் வழியில் எங்கேயாவது உரசிப் பாடியில் பட்டால் அதைக் காக்க எதுவுமில்லை. என்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் துளையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஃபியூஸ் அடிக்கடி போனால் பெரிய ஃபியூஸ் போடுவது தீர்வல்ல, ஏன் போகிறது என்று பார்க்க வேண்டும். கம்பெனி ஒயரை வெட்டாமல் கப்ளர் வைத்து மாட்டச் சொல்லுங்கள், வாரண்டியில் பேச்சு வருவது குறையும். கம்பெனி விலையில் சேராத செட்டை இன்சூரன்ஸில் ஐஎம்டி 24 என்ற பிரிவில் தனியாகச் சேர்க்கலாம். பாலிசி புதுப்பிக்கும்போது பில்லோடு கேளுங்கள்.