கொங்கு நாட்டில் கேம்பர் வேன்: தண்ணீர், கழிப்பறை, கரண்ட், காற்று

வேனை வீடாக மாற்ற நினைக்கிறவர்கள் முதலில் கை வைப்பது மரவேலையில். கட்டில், அலமாரி, மடக்கு மேசை எல்லாம் அழகாக முடிந்த பிறகுதான் தண்ணீர்த் தொட்டியை எங்கே வைப்பது என்று இடம் தேடுவார்கள். வண்டியில் எத்தனை நாள் நிம்மதியாக இருக்கலாம் என்பது தண்ணீர், கழிப்பறை, பேட்டரி ஆகிய மூன்றையும் பொறுத்தது. இவற்றுக்கு இடம் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் கட்டிலைப் போடுங்கள்.

நம் பக்கம் இதற்கான வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறார்கள், கரூரில் பஸ் பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டி (போர் போடும் வண்டி) ஆட்கள் மாதக்கணக்கில் வெளி மாநிலத்தில் வண்டியோடே தங்கி வேலை பார்க்கிறார்கள். ஆனால் வண்டியைப் பட்டறைக்குள் விடுவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் அனுமதி வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றி அமைக்க முன் அனுமதி வேண்டும். அதை விட்டுவிட்டால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் பணம் சிக்கலாகிவிடும்.

எடையை மூன்று முறை போடுங்கள்: சீட்டுகளைக் கழற்றியதும் ஒரு முறை, வேலை முடிந்ததும் ஒரு முறை, தொட்டி நிறைந்து ஆட்களும் ஏறிய பிறகு ஒரு முறை. மில், அரவை ஆலை இருக்கும் ஊரில் எல்லாம் எடை மேடை உண்டு. முன் சக்கரம் மட்டும், முழு வண்டி, பின் சக்கரம் மட்டும் என்று தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். ஆர்சியில் உள்ள மொத்த எடைக்கு 200 கிலோவாவது குறைவாக இருப்பது நல்லது. மொத்த எடை சரியாக இருந்தும் பின் அச்சில் மட்டும் பாரம் ஏறியிருந்தால் ஸ்டியரிங் லேசாகி, முன் பிரேக் பிடிப்பு குறையும். தண்ணீர்த் தொட்டியையும் பேட்டரியையும் பின்கதவு ஓரத்தில் வைத்த வண்டிகளில்தான் இந்தக் கோளாறு அதிகம். இரண்டையும் அச்சுகளுக்கு நடுவில், தரையோடு ஒட்டி வையுங்கள்.

தண்ணீர்

இங்கே வீட்டிலேயே நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று இரண்டாகத்தான் புழங்குகிறோம். வண்டியிலும் அப்படியே பிரித்துக்கொள்ளுங்கள். குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன் இரண்டு. குளிக்க, பாத்திரம் கழுவ 80 லிட்டர் தொட்டி ஒன்று. இரண்டு பேர் மொண்டு குளித்தால் ஆளுக்கு 10 முதல் 12 லிட்டர் ஆகும். மற்றதையும் சேர்த்தால் ஒரு நாளைக்குச் சுமார் 30 லிட்டர். ஆக, 80 லிட்டர் இரண்டரை நாள் வரும். 200 லிட்டர் தொட்டி ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அது 200 கிலோ.

பம்புக்கு எங்கும் அலைய வேண்டாம். மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரில் இருக்கும் 12 வோல்ட் டயாபிரம் பம்புதான் இதற்கும் வேண்டியது. நிமிடத்துக்கு 4 முதல் 5 லிட்டர் தருவது போதும். குழாயைத் திறந்ததும் ஓடி, மூடியதும் நிற்கிற பிரஷர் சுவிட்ச் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பம்புக்கு முன்னால் சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடும் முக்கால் அங்குல ஸ்கிரீன் ஃபில்டரைப் போடுங்கள். போர் தண்ணீரில் வரும் மணல் டயாபிரம் வால்வில் உட்கார்ந்துவிட்டால், குழாய் மூடியிருக்கும்போதும் பம்பு அரை நிமிடத்துக்கு ஒரு தரம் ‘டர்ர்’ என்று ஓடி நிற்கும். ராத்திரியில் இந்தச் சத்தம் கேட்டால் இரண்டு காரணம்தான்: வால்வில் மணல், அல்லது எங்கோ இணைப்பில் கசிவு.

சுவருக்குள் பதிக்கிற சிபிவிசி பைப்பைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். வேகத்தடை ஏறி இறங்கும் அதிர்வில் முதலில் விடுவது எல்போ மூட்டுதான். நூல் பின்னிய ஹோஸும் ஸ்டீல் கிளாம்பும் போட்டால் வண்டியோடு சேர்ந்து ஆடும், விடாது.

தொட்டியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்யுங்கள். 80 லிட்டர் தண்ணீருக்கு 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 80 மில்லி ஊற்றி, ஒவ்வொரு குழாயையும் திறந்து குளோரின் வாசம் வரும்வரை ஓட விட்டு மூடுங்கள். நான்கு மணி நேரம் கழித்து வடித்துவிட்டு இரண்டு முறை அலசுங்கள். ஷவர் துளைகளில் வெள்ளையாக உப்புப் படிந்தால் எலுமிச்சைச் சாற்றில் ஓர் இரவு ஊறவைத்தால் போதும். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும்.

கழுவிய தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது. அதற்கும் 40 லிட்டர் தொட்டி வேண்டும். முக்கியமாகக் கீழ்பவானி வாய்க்காலிலோ பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்காலிலோ ஒரு சொட்டும் விடாதீர்கள். கடைமடைக்காரர்கள் அந்தத் தண்ணீருக்காக நாள் எண்ணிக் காத்திருக்கிறார்கள்.

கழிப்பறை

வெளிநாட்டு வேன்களில் சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும் உலர் கழிப்பறை உண்டு. அதில் போடுவதற்கு அவர்கள் கடையில் விலை கொடுத்து வாங்குவது தேங்காய் நார்த்தூள். பொள்ளாச்சிப் பக்கம் அது மலையாகக் குவிந்து கிடக்கிறது. 5 கிலோ கட்டி ஒன்றை முழுதாக ஊறவைத்தால் 65 முதல் 70 லிட்டர் வரை பொங்கும். நாற்றுக்குப் போடுவதுபோல உப்பு கழுவிய தூள் தேவையில்லை, கழுவாததே போதும்.

ஆனால் முழுதாக ஊறவைக்கக் கூடாது. கட்டியின் ஓரத்தை உடைத்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ஒரு கைப்பிடி எடுத்து அழுத்தினால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஈரம் வரக் கூடாது. அந்தப் பதம்தான் வேண்டும். 20 லிட்டர் வாளியின் அடியில் நான்கு விரல் உயரத்துக்குப் போட்டுத் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் மேலே இரண்டு கைப்பிடி. இரண்டு பேருக்கு நான்கு நாள் தாங்கும். நாற்றம் அடிப்பது மலத்தால் மட்டும் அல்ல. சிறுநீர் அதில் கலக்கும்போதுதான் அம்மோனியா நெடி கிளம்புகிறது.

இங்கே ஒரு சிக்கல். அந்தக் கழிப்பறைகள் காகிதத்தால் துடைக்கிறவர்களுக்காகச் செய்தவை. நாம் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம். கழுவிய தண்ணீர் வாளிக்குள் போனால் இரண்டே நாளில் தூள் சேறாகி, வண்டிக்குள் உட்கார முடியாது. ஒரு சிறு குவளை, அதாவது 200 மில்லி தண்ணீர் எடுத்துக்கொண்டு, சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, சிறுநீர் போகும் முன்பகுதியில் கழுவப் பழகுங்கள். அதற்கேற்ப, சிறுநீர் சேரும் முன்பக்க கேனை 10 லிட்டராக இல்லாமல் 20 லிட்டராகப் போடுங்கள். வீட்டில் பெரியவர்களோ குழந்தைகளோ உடன் வந்தால் இந்த முறை சரிப்படாது. அப்போது 20 லிட்டர் அடித்தொட்டி உள்ள, தண்ணீர் ஊற்றும் போர்ட்டபிள் கழிப்பறைதான் நல்லது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை அதைச் சாதாரணக் கழிப்பறையில் ஊற்றி அலசலாம். ஃபார்மால்டிஹைடு கலந்த நீல மருந்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது செப்டிக் தொட்டியில் உள்ள பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

உலர்வாளியைக் காலி செய்யத் தோட்டக்காரரிடம் கேட்டு, கிணற்றிலிருந்தும் போரிலிருந்தும் 30 மீட்டராவது தள்ளிக் குழி எடுத்து மூடுங்கள். ஒரு வருடம் மக்கட்டும். காய்கறிப் பாத்திக்கு அதைப் போடவே கூடாது.

நார்த்தூளை ஈரமாக வெளியே வைத்தால் பொடிப் பூச்சி முட்டையிடும், பிறகு வண்டி முழுக்க அதுதான் பறக்கும். வாங்கியதும் நல்ல வெயிலில் காயப்போட்டு, மூடியுள்ள டிரம்மில் வையுங்கள்.

கரண்ட்

முதலில் கணக்குப் போடுங்கள், பிறகு கடைக்குப் போங்கள். 20 வாட் மின்விசிறி 10 மணி நேரம் ஓடினால் 200 வாட்-மணி. விளக்கு 50. ஃபோன், லேப்டாப் 150. 12 வோல்ட் கம்பிரசர் ஃபிரிட்ஜ் சித்திரை வெயிலில் 450 வரை இழுக்கும். மொத்தம் 850. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் இருப்பது 1280. ஒரு நாளுக்குத் தாராளம். மேகமூட்டத்தில் இரண்டாம் நாள் தாங்காது. கூரையில் 330 வாட் சோலார் பேனல் போட்டால், 5 மணி நேர நல்ல வெயிலில், வெப்பத்தாலும் படுக்கை நிலையாலும் போகும் இழப்பைக் கழித்து, 1100 வாட்-மணி அளவுக்கு வரும். பேனலுக்கும் தகரத்துக்கும் நடுவில் 5 செ.மீ. இடைவெளி விடுங்கள். சூடேறினால் பேனலின் உற்பத்தி குறையும்.

வண்டி ஆல்டர்னேட்டரிலிருந்து (இன்ஜின் ஓடும்போது கரண்ட் தரும் டைனமோ) லித்தியம் பேட்டரிக்கு நேரடியாக வயர் இழுக்காதீர்கள். பேட்டரி அளவில்லாமல் கரண்ட் இழுத்து ஆல்டர்னேட்டர் வெந்துவிடும். நடுவில், கரண்டை அளவோடு அனுப்பும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் போட்டு, 4 மீட்டர் தூரத்துக்கு 16 சதுர மி.மீ. செம்புக் கேபிள் இழுங்கள். 1500 வாட் இன்வெர்ட்டருக்கு 50 சதுர மி.மீ. கேபிளும் 200 ஆம்பியர் ஃபியூஸும் வேண்டும். ஃபியூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். தள்ளி வைத்தால், நடுவில் உள்ள வயர் உரசித் தீப்பிடிக்கும்போது ஃபியூஸ் இருந்தும் பயனில்லை.

ஏசியை பேட்டரியில் ஓட்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஓர் இரவுக்கு 4, 5 யூனிட் கேட்கும். கூரைக்கு உள்பக்கம் 25 மி.மீ. நைட்ரைல் ரப்பர் ஷீட், வெளியே வெள்ளைப் பெயின்ட், மேலே காற்றை வெளித்தள்ளும் விசிறி. கத்திரி வெயிலில் அதுவும் போதாவிட்டால் மலை ஏறிவிடுவதுதான் வழி. ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிக்குக் குறையாமல் சூடு இறங்கும்.

தோட்டத்தில் நிறுத்தும்போது மோட்டார் ரூமில் பிளக் மாட்டாதீர்கள். அங்கே இருப்பது மும்முனை மின்சாரம்; தப்பாகக் கொடுத்தால் இன்வெர்ட்டர் போய்விடும். அதைவிட முக்கியம், அது விவசாயத்துக்கான இலவச இணைப்பு. வேறு வேலைக்கு எடுத்தால் அபராதம் இடம் கொடுத்தவர் தலையில் விழும்.

கேஸுக்கு 5 கிலோ சிலிண்டர் போதும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடுதான் தேங்கும். சிலிண்டர் பெட்டியின் அடித்தளத்தில் வெளியே திறக்கும் 50 மி.மீ. துளை அவசியம். மலை இறங்கியதும் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள்.

எங்கே நிறுத்துவது

பொழுது இருக்கும்போதே போய்ச் சேருங்கள். தோட்டத்து வீடுகளில் வயதானவர்கள் தனியாக இருப்பார்கள். இருட்டிய பிறகு முன்பின் தெரியாத வண்டி வந்து நின்றால் பயப்படுவார்கள். “ஏனுங்க, ராத்திரிக்கு மட்டும் வண்டிய இங்க நிறுத்திக்கலாமுங்களா? வெடியால கெளம்பீருவமுங்க” என்று நேரில் கேளுங்கள். எத்தனை பேர், எந்த ஊர் என்பதையும் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் இடத்தோடு தண்ணீரும் மோரும் கிடைக்கும்.

தென்னை மரத்தடியில் நிழலைப் பார்த்து நிறுத்தாதீர்கள். காய் விழ வேண்டும் என்றுகூட இல்லை, காய்ந்த மட்டை ஒன்று விழுந்தாலே பேனல் கண்ணாடி போய்விடும். வேம்போ புளியோ பாருங்கள். மழை பெய்த கரிசல் காட்டுக்குள் இறங்காதீர்கள். நடந்து பார்க்கும்போது செருப்பில் மண் அப்பினால் வண்டி நிச்சயம் சிக்கும்.

ஆனி முதல் ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலை, தாராபுரம், பல்லடம் பக்கம் உயரமான வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். வண்டியின் மூக்கை மேற்கே பார்த்து நிறுத்துங்கள். வெய்யில் மறைப்பை விரித்து வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஒரே வீச்சில் கூரைக் கிளாம்போடு பிடுங்கிக்கொண்டு போகும். தூக்கும் கூரை இருந்தால் அந்த மாதங்களில் இறக்கியே வையுங்கள்.

சத்தியமங்கலம், ஆனைமலைக் காட்டுச் சாலைகளில் ராத்திரி தங்கவே கூடாது. வால்பாறைப் பக்கம் யானைகள் அரிசிக்காக ரேஷன் கடைச் சுவரையே இடித்திருக்கின்றன, வேன் தகரம் எம்மாத்திரம். அரிசி, உப்பு, வெல்லம், பலாப்பழம் எதையும் வாசம் வரும்படி வைக்காதீர்கள். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறுகிறவர்கள், இரவு 9 முதல் காலை 6 வரை பாதை மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள்.

மலைப்பாதை

வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70, திம்பத்துக்கு 27. அடிவாரத்திலேயே தண்ணீர்த் தொட்டியை முழுக்க வடித்துவிடுங்கள், குடிநீர் கேன் போதும். அரைத் தொட்டி முழுத் தொட்டியைவிட மோசம். வளைவில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து அலையடித்து வண்டியையும் இழுக்கும்.

எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் விடுவதும் இன்ஜினை அணைப்பதும் உயிருக்கே ஆபத்து. இன்ஜின் அணைந்தால் பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் வேலை செய்யாது. பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்காமல், அழுத்தி வேகத்தைக் குறைத்ததும் காலை எடுத்துவிடுங்கள். கருகிய வாசம் வந்தாலோ பெடல் பஞ்சு போல இறங்கினாலோ அகலமான இடத்தில் ஒதுக்கி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் நில்லுங்கள். சூட்டில் தண்ணீர் ஊற்றினால் டிரம்மும் டிஸ்க்கும் விரிசல் விடும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும்.

வால்பாறையிலிருந்து இறங்கி ஆழியாறு வந்து சேர்ந்ததும் நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் புறங்கையைக் காட்டிப் பாருங்கள். மூன்று ஒரே சூடாக இருந்து ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. பொள்ளாச்சியில் கழற்றிப் பார்க்காமல் மேற்கொண்டு போகாதீர்கள். எல்லாம் சரி என்றால் வீல் நட்டை ஒரு முறை முடுக்கி, ஹோஸ் கிளாம்புகளைப் பார்த்துவிட்டு, தொட்டியை நிரப்புங்கள்.