பென் வெப்ஸ்டரின் மூச்சைத் தொலைக்காதீர்கள்: ஹை-ரெஸ் ஜாஸ் வாங்குவோர் செய்யும் தவறுகள்

1957 அக்டோபர் 16 அன்று ஹாலிவுட்டில் இரண்டு டெனார் சாக்ஸபோன் கலைஞர்கள் அருகருகே நின்று வாசித்தார்கள். மூத்தவர் கோல்மன் ஹாக்கின்ஸ், நான்கு வயது இளையவர் பென் வெப்ஸ்டர். பியானோவில் ஆஸ்கார் பீட்டர்சன், கிடாரில் ஹெர்ப் எல்லிஸ், பாஸில் ரே பிரவுன், டிரம்ஸில் ஆல்வின் ஸ்டோலர். நார்மன் கிரான்ஸ் தயாரித்த அந்த இசைத்தட்டு வெர்வ் என்ற இசை நிறுவனத்தின் முத்திரையுடன் 1959இல் வந்தது. ஏழே உருப்படிகள், நாற்பது நிமிடம்கூட ஓடாது. இந்த மாதிரிப் பழைய பதிவுகள் இன்று ஹை-ரெஸ் கோப்புகளாக, அதாவது சிடியைவிட நுணுக்கமான டிஜிட்டல் ஒலிக்கோப்புகளாக, மறுபடி விற்பனைக்கு வருகின்றன. வாங்குபவர்கள் ஏமாறுவதும், ஏமாறாமலே ஏமாந்ததாக நினைத்துக்கொள்வதும் கூடவே நடக்கின்றன.

முதல் தவறு, அட்டையில் இருக்கும் எண்ணைப் பார்த்து மயங்குவது. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்பது பாத்திரத்தின் கொள்ளளவு. அதில் ஊற்றியது பாலா, நீர்மோரா என்பதை எண் சொல்லாது. சாதாரண சிடியின் 16 பிட்டே மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் வீச்சைத் தாங்கும். 1950களின் ஒலிநாடாவில் இருந்த இரைச்சல் அந்த எல்லைக்கு வெகு முன்பே இசையை மூடிவிடும். ஆகவே 192 என்பதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். எந்த நாடாவிலிருந்து எடுத்தார்கள், யார் மாஸ்டரிங் (வெளியிடுமுன் ஒலியைச் சீர்செய்யும் கடைசி வேலை) செய்தார்கள் என்ற விவரம் இருந்தால் கொடுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. ‘இரைச்சலே இல்லாமல் சுத்தமாக இருக்கிறது’ என்று ஒரு பதிப்பைக் கொண்டாடுவது. வெப்ஸ்டர் மெதுவான பாடலை வாசிக்கும்போது கவனியுங்கள். இந்தத் தட்டில் ‘இட் நெவர் என்டர்ட் மை மைண்ட்’ அதற்குச் சரியான இடம். அவர் ஒரு சொற்றொடரை முடிக்கும்போது சுரம் முதலில் தேய்கிறது. பிறகு ரீடின் (ஊதுவாயில் அதிரும் மெல்லிய தகடு) அதிர்வும் நின்றுவிடுகிறது. கடைசியில் குழலுக்குள் ஓடும் வெறும் காற்று மட்டும் ‘ஃப்ஃப்’ என்று மிஞ்சுகிறது. அந்தக் காற்றும் அவர் வாசித்ததுதான். சோகம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. நாடாவின் இரைச்சலும் இந்தக் காற்றும் ஏறக்குறைய ஒரே சாயல் கொண்டவை. இரைச்சலை அகற்றும் மென்பொருளுக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிடும். துடைத்த பதிப்பில் வெப்ஸ்டரின் சுரம் கத்தரித்தாற்போல் நிற்கும். வாங்குமுன் மாதிரியைக் கேட்க வழியிருந்தால் சொற்றொடரின் வாலைக் கேளுங்கள். மெல்லிய ‘ஸ்ஸ்’ என்ற பின்னணி இருந்தால் பெரும்பாலும் அது நல்ல செய்தி.

அடுத்தது, மூலத்தை விசாரிக்காமல் வாங்குவது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவுகளுக்கான பாதுகாப்பு முன்பு 50 ஆண்டுகளாக இருந்தது. பிறகு அதை 70 ஆக நீட்டியபோது, 1963க்கு முன் வெளியானவை ஏற்கெனவே உரிமை தீர்ந்துபோயிருந்தன. அவை மீண்டும் பாதுகாப்புக்குள் வரவில்லை. அதனால் மாஸ்டர் நாடாவைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருவர், பழைய சிடியிலிருந்தோ தட்டிலிருந்தோ பிரதியெடுத்துச் சட்டப்படியே விற்கலாம். அந்தப் பிரதியை 192க்கு ஊதிப் பெருக்குவதும் கணினிக்குச் சில நொடி வேலை. கண்டுபிடிப்பது கடினமில்லை. ஸ்பெக் போன்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து எந்தெந்த அதிர்வெண்ணில் ஒலி இருக்கிறது என்று காட்டும் படத்தைப் பாருங்கள். 22 கிலோஹெர்ட்ஸில் சுவர் எழுப்பியதுபோல் எல்லாம் நின்றுவிட்டால் சந்தேகப்படுங்கள். அது சிடியின் எல்லை. மேலே போகப் போகப் படிப்படியாக மங்கினால், நாடாவுக்கு அது இயல்பு.

இனி என் சொந்த முட்டாள்தனம். இதே மாதிரி ஒரு கோப்பை வாங்கி, ப்ளூடூத் ஹெட்போனில் கேட்டு, ‘அடேயப்பா, என்ன துல்லியம்’ என்று ஒரு நண்பரிடம் அரை மணி நேரம் அளந்தேன். 24/192 ஸ்டீரியோ சுருக்காத நிலையில் விநாடிக்கு 9,216 கிலோபிட். ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் தாராளமான ஒன்றாகச் சொல்லப்படும் எல்டாக்கூட அதிகபட்சம் 990 கிலோபிட்தான் கடத்தும். நான் வியந்தது மாஸ்டரிங்கின் தரத்தை. பெயர் வாங்கியதோ எண். கம்பி வைத்த ஹெட்போனிலும், கணினியின் ஒலி அமைப்பு 48 கிலோஹெர்ட்ஸில் நின்றிருந்தால் எல்லாம் அதற்கே இறங்கிவிடும். அமைப்பை ஒருமுறை திறந்து பாருங்கள்.

இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமன் செய்யாமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இம்மி சத்தமாக ஒலிப்பது எப்போதும் ‘உயிரோட்டமாக’ இருக்கும். காதின் பலவீனம் அது.

மோனோ என்றால் குறை என்று திருப்பிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். சோனி ராலின்ஸின் ‘டெனார் மேட்னஸ்’ 1956இல் பதிவான மோனோ. இரு பக்கமும் ஒரே ஒலி வருவதுதான் சரி. அகலப்படுத்திய போலி ஸ்டீரியோ கிடைத்தால்தான் கவலைப்பட வேண்டும். அந்தத் தட்டை ஜான் கோல்ட்ரேனுக்காக வாங்குகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளட்டும்: அவர் வாசிப்பது தலைப்புப் பாடலில் மட்டுமே.

முதல் பதிப்புதான் மூலம், அதற்கு மாறானதெல்லாம் கலப்படம் என்ற பிடிவாதமும் வேண்டாம். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, கோல்ட்ரேனும் கேனன்பால் ஆடர்லியும் சேர்ந்து வாசித்தது. 1959 மார்ச்சில் அதன் முதல் பக்கத்தைப் பதிவு செய்தபோது நாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. சரியான வேகத்தில் ஓட்டியதும் அந்த மூன்று உருப்படிகளும் வாசித்ததைவிடச் சற்று உயர்ந்த சுருதியில் வெளிவந்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலகம் அதையே கேட்டது. சரியான வேகத்தில் ஓடிய மாற்று நாடாவிலிருந்து 1992இல்தான் திருத்திய பதிப்பு வந்தது. பழைய தட்டில் ஊறியவர்களுக்குத் திருத்தியது கொஞ்சம் தொய்வாகக் கேட்கும். எனக்கும் ஒரு வாரம் அப்படித்தான் கேட்டது.