ரேடார் டிடெக்டர்: கனடா போகும் ராமநாதபுரத்துக்காரர்கள் கவனத்துக்கு

கீழக்கரை, தொண்டி, ஏர்வாடி, பாம்பன் பக்கமிருந்து போகிறவர்களோடு ஊர்ப் பழக்கமும் கூடவே போகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போலீஸ் நின்றால் எதிரே வருகிறவர் லைட் அடித்துக் காட்டுவார், நாம் வேகத்தைக் குறைப்போம். அங்கே அதற்கொரு கருவியே விற்கிறது என்றதும் வாங்கிவிடுகிறார்கள். போலீஸின் வேகம் அளக்கும் ரேடார் அலையை உணர்ந்து ஓட்டுபவரை முன்கூட்டியே எச்சரிக்கும் ரேடார் டிடெக்டர்தான் அது.

லைசென்ஸ், இன்சூரன்ஸ் பற்றியெல்லாம் முன்பே போனவர்கள் சொல்லிவிடுவார்கள். இந்தக் கருவிக்குப் பல இடங்களில் தடை என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை, அதுதான் ஆத்திரம்.

பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவன் மாகாணங்களில் சொந்தக் காரில் வைத்துக்கொள்ளலாம். நம்மவர்கள் அதிகம் போய்ச் சேரும் ஒன்டாரியோவில் கூடாது. கியூபெக், மானிட்டோபாவிலும் கூடாது. ஒன்டாரியோவில் "ஆஃப் பண்ணித்தான் வைத்திருந்தேன்" என்ற பேச்சு எடுபடாது. அங்குள்ள நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 79-ஆம் பிரிவுப்படி, அந்தக் கருவி இருக்கும் வண்டியை ஓட்டுவதே குற்றம். டிக்கியில் கிடந்தாலும் சரி. தக்க காரணம் இருந்தால் போலீஸ் வாரண்ட் இல்லாமலே சோதனை போட்டு எடுத்துக்கொள்ளும். அபராதம் 100 முதல் 1,000 டாலர் வரை, கூடவே லைசென்ஸில் 3 டிமெரிட் (தவறுக்கான) புள்ளிகள் ஏறும். குற்றம் உறுதியானால் கருவி திரும்பி வராது. ஒளித்து வைத்து ஓட்டுவதிலும் பயனில்லை: ஓடும்போது கருவிக்குள் உண்டாகும் அலை கொஞ்சம் வெளியே கசியும், அதைப் பிடிக்கும் கருவி போலீஸிடம் உண்டு.

பெரிய கண்ணி பழைய காரில் இருக்கிறது. கருவிக்கு அனுமதி உள்ள மேற்கு மாகாணத்திலிருந்து வந்த வண்டியில் முந்தைய உரிமையாளர் முன் கிரில்லுக்குப் பின்னால் நிரந்தரமாகப் பொருத்தியிருப்பார். பணம் கொடுக்கும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். முன் கண்ணாடியில் ரப்பர் கப் ஒட்டிய வட்டத் தடம், ரியர்வியூ கண்ணாடியிலிருந்து இறங்கும் மெல்லிய ஒயர், ஃபியூஸ் பெட்டியில் தனியாகச் சொருகிய இணைப்பு, ஸ்டீயரிங் அருகே காரோடு வராத சின்ன டிஸ்ப்ளே, இவற்றில் ஏதாவது தென்பட்டால் மெக்கானிக்கை வைத்து முழுசாகக் கழற்றச் சொல்லுங்கள். ஒயரை மட்டும் வெட்டிவிட்டால் கருவி வண்டியிலேயே இருக்கும், குற்றமும் இருக்கும். கழற்றியதற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அமெரிக்கா போகும் தம்பிகளுக்கு: சொந்தக் காரில் வர்ஜீனியாவிலும் வாஷிங்டன் டி.சி.யிலும் தடை. 10,000 பவுண்டு எடைக்கு மேற்பட்ட வணிக லாரிகளுக்கு நாடு முழுவதும் தடை. ரேடாரைக் குழப்பும் ஜாமர் எந்த மாநிலத்திலும் கூடாது.

ஆல்பர்ட்டாவில் இருந்துவிட்டு வேலை மாறி டொராண்டோவுக்குக் காரிலேயே கிளம்புகிறவர்கள், கருவியைப் புறப்படும் முன்பே விற்றுவிடுங்கள். சஸ்காச்சுவன் தாண்டி மானிட்டோபா எல்லைக்குள் நுழைந்ததுமே அது சட்டவிரோதம்.