ஹர்டி-கர்டி கரகரக்கிறதா? முதலில் ரோசினைக் கீழே வையுங்கள்

ஹர்டி-கர்டி ஐரோப்பியத் தந்திக் கருவி, ஆனால் வயலினைப் போல வில் கிடையாது. கைப்பிடியைச் சுற்றினால் மரச் சக்கரம் சுழன்று தந்திகளை உரசும். சத்தம் கெட்டதும் எல்லோரும் செய்வது, சக்கரத்தில் இன்னும் கொஞ்சம் ரோசின் (தந்தியைப் பிடித்து உரச உதவும் மரப்பிசின் கட்டி) தேய்ப்பது. நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ரோசின் ஏறிப்போனால் தந்தி இன்னும் மோசமாகக் கத்தும், அதில் சுற்றியிருக்கும் பஞ்சும் பிசுபிசுத்துக் கட்டி தட்டிவிடும்.

பெரும்பாலும் கோளாறு அந்தப் பஞ்சில்தான். சக்கரம் தொடும் இடத்தில் ஒவ்வொரு தந்திக்கும் பஞ்சு சுற்ற வேண்டும். முகம் துடைக்கிற பஞ்சு உருண்டையைப் பிய்த்துச் சுற்றாதீர்கள், அதன் இழை குட்டை, சீக்கிரம் திரண்டுவிடும். இழை நீளமான பஞ்சு வாங்கி, பின்னால் இருக்கும் விரல் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக இழுத்து, தட்டையாகச் சுற்றுங்கள். விளக்குத் திரி திரிக்கிற பழக்கத்தில் முறுக்கினால் போச்சு. சக்கரம் சுழலச் சுழலப் பஞ்சு இறுக வேண்டும். எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் வாசிக்க வாசிக்க அவிழ்ந்து வரும். அதிகமானால் சத்தம் போர்வைக்குள் இருந்து வருவது போல அமுங்கும், குறைந்தால் உலோகமாகக் கீறும். சுருதித் தந்திகள் கொஞ்சம் கூடுதல் பஞ்சைத் தாங்கும், மெட்டு வாசிக்கிற தந்தி தாங்காது.

பஞ்சு சரி, ஸ்வரத்தை மாற்றும் கட்டைகளை அழுத்தாதபோது தந்தி நன்றாகவே பேசுகிறது, ஆனால் மேல் ஸ்வரங்களுக்குப் போனால் மட்டும் கீச்சிடுகிறதா? தந்தி சக்கரத்தை அதிகமாக அழுத்துகிறது. தந்தியைத் தாங்கும் மரத்துண்டான குதிரையில், தந்தி உட்காரும் வெட்டில் ஒரு சின்னக் காகிதத் துண்டைச் செருகினால் தந்தி கொஞ்சம் உயரும், அழுத்தம் குறையும். ஒரேயடியாக மூன்று நான்கு துண்டு செருகிவிட்டு, சத்தம் மெலிந்து காற்றாக வருகிறதே என்று திரும்பவும் ரோசினைத் தேடுகிறவர்களும் உண்டு. ஒவ்வொன்றாகச் செருகி, வாசித்துப் பாருங்கள்.

சக்கரத்தின் விளிம்பை விரலால் தொட வேண்டாம். தோலின் எண்ணெய் பட்ட இடத்தில் தந்தி வழுக்கும், ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் சத்தம் விழுந்து எழும். விளிம்பைத் துடைத்து அளவாக ரோசின் போட்ட பிறகும் அப்படியே இருந்தால் சக்கரமே வட்டம் தப்பியிருக்கலாம். மரம் ஈரப்பதத்துக்கு ஊதும், சுருங்கும். உப்புத்தாளை எடுத்துக்கொண்டு நீங்களே உட்காராதீர்கள், கருவி செய்கிறவரிடம் கொடுங்கள்.

அப்புறம் அந்த 'நாய்'. பிரெஞ்சுக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்: ஒரு சுருதித் தந்திக்குக் கீழே தளர்வாக நிற்கும் குட்டிக் குதிரை, கைப்பிடியை வெட்டிச் சுற்றினால் பலகையில் அதிர்ந்து 'ஜ்ஜ்' என்று குரைக்கும். அதை முதலில் சரிசெய்ய உட்கார்ந்தால் பாதி நாள் போய்விடும், ஏனென்றால் அந்தத் தந்தியின் பஞ்சை மாற்றியதுமே குரைப்பும் மாறிவிடும். கடைசியாகத் தொடுங்கள்.