கிராக்கோவ் மரியாட்ஸ்கி கோயில்: 11:50-ஐக் கோட்டை விடாமல் பார்ப்பது எப்படி

விசா, விமானம், தங்குமிடம் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. நீங்கள் ஏற்கெனவே போலந்தின் கிராக்கோவ் நகரில், ரினெக் என்கிற பெரிய சதுக்கத்தில் நிற்கிறீர்கள், எதிரே ஒன்றுக்கொன்று உயரம் ஒவ்வாத இரண்டு செங்கல் கோபுரங்கள் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். அதுதான் மாதா கோயில். ஊர்க்காரர்கள் மரியாட்ஸ்கி என்பார்கள்.

முதலில் நேரம். இந்தக் கோயிலின் உயிரே அதன் பீடம்தான், அதாவது பூசை மேடைக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் மரச் சிற்பத் தொகுதி. ஃபைட் ஷ்டோஸ் என்ற சிற்பி 1477-இல் தொடங்கி 1489-இல் முடித்தது, சிலைகள் எல்லாம் லிண்டன் மரம். கதவுபோல் மூடித் திறக்கும் சிறகுகள் உண்டு, அவற்றைப் பகல் 11:50-க்குத் திறப்பார்கள். ஞாயிறு, திருவிழா நாட்களில் இந்தத் திறப்பு கிடையாது, அதனால் வார நாளில் போங்கள். பார்வையாளர்களை 11:30-க்கு உள்ளே விடுவார்கள் (ஞாயிறன்று மதியம் 2 மணிக்குத்தான்). நேரம் மாறலாம், முந்தின இரவு கோயிலின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது சீட்டு, நான் வழுக்கி விழுந்த இடம். சதுக்கத்தைப் பார்த்தபடி இருக்கும் பெரிய வாசலில் போய் நின்றேன். அது ஜெபம் செய்ய வருகிறவர்களுக்கு, காசு கிடையாது, ஆனால் பின்பக்கத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வரவேண்டியதுதான், பீடம் எங்கோ தொலைவில் இருக்கும். அறிவிப்புப் பலகை இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. சரி என்று வலப்பக்கம் சுற்றி, மரியாட்ஸ்கி சதுக்கம் என்ற சின்ன முற்றத்தில் இருக்கும் பக்கவாசலுக்கு ஓடினேன். அங்கே போனால் சீட்டு எங்கே என்கிறார்கள்! சீட்டு விற்பது கோயிலுக்குள் இல்லை, பக்கவாசலுக்கு எதிரே, முற்றத்தின் மறுபக்கக் கட்டடத்தில். வரிசையில் நின்று வாங்கி உள்ளே நுழைந்தபோது மணி 12, பீடம் விரியத் திறந்து கிடந்தது. மறுநாள் மறுபடி காசு கொடுத்துப் போனேன். ஆகவே வரிசை இதுதான்: முதலில் எதிர்க்கட்டடம், பிறகு பக்கவாசல், பெரிய வாசலை மறந்துவிடுங்கள். 11:15-க்கே சீட்டு வரிசையில் இருங்கள்.

தோள் மூடிய உடை வேண்டும், ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். இது நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

உள்ளே போனதும் அண்ணாந்து பார்க்கத் தோன்றும், நீல விதானத்தில் பொன் நட்சத்திரங்கள், சுவர் முழுக்க யான் மாத்தெய்கோ என்ற போலந்து ஓவியர் வடிவமைத்த ஓவிய அலங்காரம். அதை அப்புறம் பார்க்கலாம். நேரே முன்னால் போய் நடுவில் இடம் பிடியுங்கள். மூடியிருக்கும்போது 12 காட்சிகள் தெரியும், அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கன்னியர் சகோதரி ஒருவர் வந்து சிறகுகளைத் திறப்பார். இங்கே என் சிபாரிசு: கைபேசி வேண்டாம், எட்டு மடங்கு பெரிதாக்கும் சின்ன பைனாகுலர் போதும். பீடம் ஏறக்குறைய 13 மீட்டர் உயரம், வெறுங்கண்ணுக்குத் தங்கப் பளபளப்புதான் எட்டும். பைனாகுலரில் பார்த்தால், மயங்கிச் சரியும் மாதாவைத் தாங்கிப் பிடித்திருக்கும் சீடரின் கையில் நரம்பு புடைத்திருப்பதுவரை தெரிகிறது. மாதாவின் கைகளோ துவண்டு தொங்குகின்றன. ஆளுயரத்துக்கு மேற்பட்ட இந்தச் சிலைகளை இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியர்கள் நியூரம்பெர்க்குக்கு அள்ளிப் போனார்கள், 1946-இல்தான் போலந்துக்குத் திரும்பின.

இதில் ஒரு சிக்கல். 12 மணிக்கு உயர்ந்த கோபுரத்திலிருந்து ட்ரம்பெட் ஊதுவார்கள், அதையும் பார்க்கவேண்டுமென்று பலர் 11:55-க்கே வெளியே ஓடுகிறார்கள். ஓடாதீர்கள், அது மணிக்கொருமுறை ஊதுவது. நிதானமாகப் பார்த்துவிட்டு 1 மணிக்கு வெளியே நில்லுங்கள். ஹெய்னாவ் என்ற அந்த மெட்டு நான்கு திசைக்கும் ஒருமுறை ஊதப்படும், ஒவ்வொரு முறையும் பாதியில் அறுந்து நின்றுபோகும். தாத்தாரியர் (மங்கோலியர்) படையெடுப்பின்போது, கோபுரத்தில் ஊதிக்கொண்டிருந்த காவல்காரரின் தொண்டையில் அம்பு பாய்ந்ததால் என்பது கதை. ஊதுகிறவர்கள் தீயணைப்பு வீரர்கள்.

பின்சேர்க்கை: மூட்டுவலி உள்ள அம்மாவைக் கோபுரத்தில் ஏற்றலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். வேண்டாம், 200-க்கும் மேற்பட்ட படிகள், சீட்டும் தனி, குளிர்காலத்தில் பெரும்பாலும் மூடியிருக்கும். அதற்குப் பதில் அம்மாவைச் சீட்டு விற்கும் அந்தச் சின்ன முற்றத்திலேயே நிற்க வையுங்கள். முதலில் ஊதுவது அந்தப் பக்கம்தான், வாவெல் அரண்மனையை நோக்கி. மேலே சன்னலில் ட்ரம்பெட்டின் வாய் மட்டும் மின்னும். ஊதி முடித்ததும் அம்மாவைக் கையை ஆட்டச் சொல்லுங்கள், அநேகமாக ஊதியவரும் ஆட்டுவார்.