அம்பெனானில் பலரும் செய்யும் தவறுகள்

இந்தோனேசியாவில் பாலிக்குக் கிழக்கே இருக்கும் லொம்போக் தீவுக்குப் போகும் நம்மவர்களில் பெரும்பாலோர் விமானம் இறங்கியதும் நேராகக் கடற்கரை விடுதிக்கோ, கிலி தீவுகளுக்குப் படகேறவோ கிளம்பிவிடுகிறார்கள். மாத்தரம் நகரின் மேற்கு ஓரத்தில், கடலை ஒட்டியிருக்கும் அம்பெனானில் இறங்குகிறவர்கள் குறைவு. இறங்கும் சிலரும் ஐந்து சாலைகள் கூடும் சந்திப்பில் நின்று, சாயம் போன கட்டடங்களை நாலு படம் எடுத்து, "பாழடைந்த டச்சு ஊர்" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். மூன்றே சொல், அதில் இரண்டு தவறு.

முதலில் டச்சு விஷயம். இந்த ஊரைத் துறைமுகமாக வளர்த்தவர்கள் டச்சுக்காரர்கள் அல்ல. பாலியின் காராங்காசம் அரச குடும்பத்தின் கிளையினர் மேற்கு லொம்போக்கை ஆண்ட காலத்திலேயே இங்கிருந்து அரிசி கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்தது. மாட்ஸ் லாங்கே என்ற டென்மார்க் வணிகர் 1830களில் இந்தக் கரையோரத்தில்தான் கடை விரித்திருந்தார். உள்ளூர் அரசர்களுக்குள் நடந்த போரில் தோற்ற பக்கம் நின்றதால் 1839இல் பாலிக்கு ஓட வேண்டியதாயிற்று. டச்சுப் படை அம்பெனான் கரையில் இறங்கியது 1894 ஜூலையில்தான். அடுத்த மாதமே, அரண்மனை இருந்த சக்ரநெகாராவில் இரவோடு இரவாகத் தாக்கப்பட்டு, அடி வாங்கி, இதே கரைக்குப் பின்வாங்கியது. கூடுதல் படை வந்த பிறகு நவம்பரில் அரண்மனை வீழ்ந்தது, அங்கிருந்த பொன்னும் நகையும் நெதர்லாந்துக்குப் போயின. அந்தப் புதையலில் 335 பொருள்களை 2023இல்தான் இந்தோனேசியாவுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். 1942இல் ஜப்பானியர் வரும்வரை கணக்குப் போட்டால் டச்சு ஆட்சி ஐம்பது ஆண்டுகூடத் தேறாது. அந்தக் காலத்துப் பாணியில் கட்டிய கட்டடங்கள் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் கடைவீதியை நடத்தியவர்களில் சீனரும் அரபியரும்தான் முக்கியமானவர்கள். கீழே கடை, மேலே வீடு என்ற அமைப்பைப் பார்த்தாலே தெரியும்.

அடுத்தது "பாழடைந்த". ஊர் பாழாகவில்லை, துறைமுகம்தான் இடம் பெயர்ந்தது. அம்பெனான் கரைக்கு மறைப்பே கிடையாது. பாலிக்கும் லொம்போக்குக்கும் நடுவே ஓடும் லொம்போக் நீரிணையின் அலை நேராக வந்து மோதும். கப்பல்கள் தள்ளி நங்கூரம் போட, சரக்கைச் சிறு படகுகளில் கரை சேர்ப்பார்கள். 1856இல் இங்கு வந்திறங்கிய இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ், எங்கள் கடலுக்கு எப்போதும் பசி, அகப்பட்டதை எல்லாம் விழுங்கிவிடும் என்று உள்ளூர்க்காரர்கள் சொன்னதை எழுதிவைத்திருக்கிறார். இப்படிப்பட்ட இடத்தில் பெரிய கப்பல்களை எத்தனை நாள் நிறுத்த முடியும்? 1970களில் துறைமுக வேலை தெற்கே, மறைவான விரிகுடாவில் இருக்கும் லெம்பாருக்குப் போய்விட்டது. இன்று இங்கே எஞ்சியிருப்பது எண்ணெய்க் கிடங்கும், அதற்கு வந்து போகும் டேங்கர் கப்பல்களும், மீன்பிடிப் படகுகளும்தான்.

இதிலிருந்து பயணிகளின் நடைமுறைத் தவறு ஒன்று முளைக்கிறது. பழைய குறிப்புகளை நம்பிப் படகு பிடிக்க அம்பெனானுக்கு வந்து நிற்காதீர்கள். பாலியின் படாங் பாய்க்குப் போகும் பெரிய படகு லெம்பாரிலிருந்துதான் கிளம்பும், கடலில் நாலைந்து மணி நேரம் ஆகும். விமான நிலையக் கதையும் இதேதான். பக்கத்திலேயே இருந்த செலாபாராங் நிலையம் 2011இல் மூடப்பட்டது. இப்போது விமானம் ஏற தீவின் நடுவே பிராயா பக்கம் போக வேண்டும், ஒரு மணி நேரமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், இணையத்தில் மாத்தரம் என்று தேடினால் ஜாவாவின் பழைய மாத்தரம் அரசைப் பற்றிப் பக்கம் பக்கமாக வரும். அது வேறு, இந்த நகரம் வேறு.

வாலஸ் பெயரைக் கேட்டதும் பறவை ஆர்வலர்களுக்குக் காதுகள் நிமிரும். பாலியில் ஒன்றுகூடக் காணாத கொண்டை வைத்த கிளியினமான வெள்ளைக் காக்கட்டூக்களை அவர் இங்கே தாராளமாகப் பார்த்தார். ஆசியாவின் உயிரினங்களையும் ஆஸ்திரேலியப் பக்கத்து உயிரினங்களையும் பிரிக்கும் வாலஸ் கோடு என்ற கருத்துக்கு வித்திட்டவற்றில் இந்த வேறுபாடும் ஒன்று. இரண்டு தீவுக்கும் நடுவே குறுகிய இடத்தில் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை என்பதுதான் வியப்பு. ஆனால் அந்தக் காக்கட்டூவை இன்று அம்பெனான் தெருவில் தேடுவது வீண் வேலை. கூண்டுக்காகப் பிடித்துப் பிடித்தே அந்த இனத்தை அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

லொம்போக் என்றாலே தீவின் பூர்வகுடிகளான சாசக் முஸ்லிம்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவதும் வழக்கமாகிவிட்டது. தீவுக்கு அது பெரும்பாலும் சரி, இந்தப் பகுதிக்குச் சரிப்படாது. கம்புங் மெலாயு, கம்புங் அரப், கம்புங் பூகிஸ், கம்புங் பஞ்சார் என்று குடியிருப்புகளின் பெயர்களே (கம்புங் என்றால் குடியிருப்பு) யார் யார் கடல் கடந்து வந்து குடியேறினார்கள் என்று சொல்லிவிடும். கடைவீதியில் போதி தர்மா என்ற பெயரில் ஒரு விகாரை உண்டு. பெயரைப் பார்த்ததும் காஞ்சிபுரம் ஞாபகம் வருவது நம் ஊர்க்காரர்களுக்கு இயல்புதான், ஆனால் இது இங்குள்ள சீனர்களின் பழைய கோயில். அதிபர் சுஹார்தோ ஆட்சியில் சீன அடையாளங்களுக்கு நெருக்கடி வந்தபோது, இந்தோனேசியா முழுக்கப் பல சீனக் கோயில்கள் பௌத்த விகாரை என்ற பெயரில் நடந்தன என்பதை நினைவில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் அங்கிருக்கும் கலவை புரியும்.

வடக்கே பிந்தாரோ பக்கம் சீனர்களின் இடுகாடு, அதைத் தாண்டிக் கடலோரத்தில் பாலி இந்துக்களின் கடற்கோயிலான புரா செகாரா. நாமும் இந்துதானே என்று சட்டென்று உள்ளே நுழைந்துவிடக் கூடாது. இடுப்பில் துணி கட்டியிருக்க வேண்டும், மாதவிலக்கு நாள்களில் பெண்கள் போவதில்லை. வழிபாடு நடந்தால் வெளியே காத்திருங்கள். நம் கோயிலில் போவது போலச் சிலைக்கு முன்னால் போய் நிற்கலாம் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே. வெட்டவெளி முற்றமும், உயர்ந்த பீடங்களும்தான் இருக்கும்.

படம் எடுப்பதில் ஒரு நாகரிகம் வேண்டும். பூட்டிய பலகைக் கதவு, பெயர்ந்த காரை, மேலே கம்பியில் காயும் துணி. துணி காய்கிறது என்றால் ஆள் குடியிருக்கிறார் என்று அர்த்தம். எதிர்ச்சாரியில் நின்று தெருவை எடுங்கள், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

நேரம் தப்பாகப் போவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. மதிய வெயிலில் வந்தால் ஈ, காக்கை இருக்காது. வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகப் பல கடைகள் மூடியிருக்கும். இங்கு சூரியன் ஆறு, ஆறேமுக்காலுக்குள் விழுந்துவிடும், வானம் தெளிந்திருந்தால் நீரிணைக்கு அப்பால் பாலியின் அகுங் மலை கறுப்பாக எழுந்து நிற்கும். அப்போதுதான் பழைய துறைமுகத் திடலில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் சேரும். அதற்காகக் கடலில் இறங்கிவிடாதீர்கள், அலையின் குணம் மாறவில்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மேற்குக் காற்று வீசும் காலத்தில் கரையோர வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் ஏறிவிடுவதுண்டு, வேடிக்கை பார்க்கும் நேரம் அதுவல்ல.

கடைசியாகச் சாப்பாடு. பிளெசிங் கங்குங் என்றால் வள்ளைக்கீரையை வேகவைத்து, மேலே காரமான தக்காளிச் சம்பலை ஊற்றித் தருவது. கீரைதானே என்று சைவக்காரர்கள் ஆசையாக வாங்குவார்கள். அந்தச் சம்பலில் தெராசி என்ற இறால் விழுது அரைத்திருக்கும். "தன்பா தெராசி", அதாவது தெராசி வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கலாம், ஆனால் சம்பலை முன்கூட்டியே அரைத்து வைத்திருந்தால் பயனில்லை. சாத்தே புலாயக்கும் அப்படித்தான். சாத்தே என்றால் குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி, புலாயக் என்றால் பனங்குருத்தோலையைச் சுருள் சுருளாகச் சுற்றி வேகவைத்த விரல் நீளச் சோற்றுக் கட்டி. ஓலையை ஒரு முனையில் பிடித்து உருவினால் சுற்றுச் சுற்றாக அவிழும், உள்ளே ஓலைத்தடம் பதிந்த வெள்ளைச் சோறு. அதைத் தேங்காய்ப்பாலும் நிலக்கடலையும் சேர்ந்த குழம்பில் தோய்த்து, சுட்ட இறைச்சியோடு சாப்பிடுவார்கள். இறைச்சி பெரும்பாலும் மாடுதான், குடலும் கலந்திருக்கும். சாப்பிடாதவர்கள் உட்காரும் முன்பே "சாப்பி?" என்று கேட்டுவிட வேண்டும். அது மாடு. "ஆயாம்" என்றால் கோழி, "இக்கான்" என்றால் மீன். கரையோரக் கடைகளில் மீன் சுட்டுத் தருவார்கள். மீனைத் தேர்ந்தெடுத்ததும் எடை போடச் சொல்லி, விலையைப் பேசி முடித்துவிட்டு அடுப்புக்கு அனுப்புங்கள்.